மீமிசலில் ஏறிக்கொள்வாள்

அறந்தாங்கியில் நான் தமிழ் வாத்தியாராக இருந்தபோது, எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்குக் கடலில் போய்வர வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. கிளப்பிவிட்டவர் சயின்ஸ் வாத்தியார். வருஷா வருஷம் சித்தன்னவாசலுக்கே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், அதே ஓவியத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்துவலியோடு திரும்புவது அவருக்கு அலுத்துவிட்டது. கட்டுமாவடியில் ஒரு தோணியை வாடகைக்குப் பிடிப்பது, கரையோரமாகவே தெற்கே போய் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று ஒவ்வொரு துறையிலும் இறங்கிச் சுற்றிப் பார்ப்பது, தொண்டியில் முடித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்புவது என்று ஏற்பாடாயிற்று. ஹெட்மாஸ்டர் இதைக் ‘கப்பல் பயணம்’ என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கருவாடும் சீமை ஓடும் ஏற்றுகிற தோணிக்கு வந்த வாழ்வு அது.

எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும் என்றும் அவரே சொன்னார். சொல்லி முடித்ததும் ஸ்டாஃப் ரூமில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. என்னைப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

என் மனைவி அப்போது ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்தில் அவளுடைய அப்பா வீட்டில் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குப் போனவள். பிறந்த பெண்குழந்தை, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் அறந்தாங்கிக்குத் திரும்பவில்லை. வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. சண்டையாக இருந்திருந்தால் சமாதானம் பேச நாலு பெரிய மனுஷர்கள் வந்திருப்பார்கள். நான் அங்கே போனால் இலை போட்டுச் சோறு வைப்பாள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். எப்போது வருகிறாய் என்று நான் கேட்டால், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவார்.

நான் திரும்பி வந்து என் ஒற்றை அறையில் விளக்கை ஏற்றி, குழைந்தும் குழையாமலும் நானே வடித்த சோற்றைத் தின்றுவிட்டுப் படுப்பேன். தனியாக இருப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தனியாக இருக்கிறவனிடம் ஊர் காட்டுகிற மரியாதை இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியாது. நான் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். பிள்ளை பிறந்த வீட்டில் எனக்கு மட்டும் சர்க்கரை கொடுக்க யோசிப்பார்கள்.

தோணிப் பயணத்துக்கு அவளைக் கூப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வா என்றால்தானே உள்ளே போகிறாள், கடலுக்கு வா என்று கேட்போம் என்பது என் சாமர்த்தியம். வெள்ளிக்கிழமை அவளும் அத்தையும் ஆவுடையார்கோவிலுக்குச் சாமி கும்பிட வருவார்கள் என்று தெரிந்து, பஸ் ஏறிப் போனேன். கும்பிட்டு முடித்து மூன்று பேரும் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தோம். அத்தை விவரமானவர், பூக்காரியிடம் பேச்சுக் கொடுத்தபடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

“லீவுல வாத்தியாருங்க எல்லாம் தோணி பிடிச்சுக் கடல்ல போறோம்” என்றேன். “எல்லாரும் வீட்டுல உள்ளவங்களக் கூட்டிக்கிட்டுத்தான் வாராங்க. நீ மீமிசல்ல வந்து ஏறிக்கிட்டாக்கூடப் போதும். ஒங்க ஊருல இருந்து வண்டி கட்டுனா பக்கந்தான். ஒனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்.”

அவள் கையில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே போவதற்கு அங்கே வீடு இல்லை. பதில் சொல்லியாக வேண்டும்.

“பஸ்ஸு வந்துருச்சு, வா ஆத்தா” என்று அத்தை கூப்பிட்டார்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். “சரி, வாரேங்க” என்றாள். பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒரு வார்த்தையை மடியில் முடிந்துகொண்டு அறந்தாங்கி வந்து சேர்ந்தேன். மறுநாளே ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன், சயின்ஸ் வாத்தியாரிடம் சொன்னேன், கேட்காத டிராயிங் வாத்தியாரிடமும் சொன்னேன். கறம்பக்குடிச் சந்தைக்குப் போய் இரண்டு பேர் உட்காருகிற அகலத்தில் ஒரு கோரைப்பாய் வாங்கிவந்தேன்.

தோணியில் பலகைத் தளத்தின் மேல் குடும்பத்துக்கு ஒரு பாய் என்று விரித்துக்கொண்டோம். என்னுடையதில் பாதியில் நான், மீதியில் என் துணிப்பை. புறப்பட்டதும் ஹெட்மாஸ்டரின் சம்சாரம் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“வாத்தியாரய்யா, ஒங்க வீட்டுல எங்கிட்டு ஏறுறாங்க?”

“மீமிசல்ல ஏறிக்கிருவா.”

“அப்பச் சரி. அது வரைக்கும் எங்க சோத்தத் தின்னுங்க. மீமிசலுக்குப் பெறகு நாங்க ஒங்க பாய்க்கு வாரோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு என்னை ஒருவர் கேலி செய்கிறார் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எங்கள் கடலில் அலை கிடையாது. குளம் மாதிரிக் கிடக்கும். ஆழமும் இல்லாததால் தோணி கரைக்குக் கிட்டே போகாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றில் காலை உருவி உருவி நடந்துதான் கரையேற வேண்டும். ஹெட்மாஸ்டர் வேட்டியைத் தலையில் சுற்றிக்கொண்டு ‘துறைமுகத்தில்’ இறங்கிய அழகை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மணமேல்குடியில் தென்னந்தோப்புக்குள் பொங்கித் தின்றோம். கோட்டைப்பட்டினத்தை நெருங்கும்போது பள்ளிவாசல் ஸ்தூபிதான் முதலில் தெரிந்தது, பிறகு கரையில் காயப்போட்ட வலைகள், அப்புறம் ஊர். தோணிக்காரர் கை காட்டிய பக்கம் பூநாரைக் கூட்டம் ஒன்று தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பியபோது சிறகுக்கு அடியில் சிவப்பு தெரிந்தது.

“ஏய், இங்கிட்டுப் பாரு” என்று சயின்ஸ் வாத்தியார் தன் மனைவியின் தோளைத் தட்டினார். “அங்கிட்டுப் பாருங்க” என்று அந்தம்மா வேறு எதையோ காட்டினார். ஒவ்வொரு பாயிலும் இதுதான் பேச்சு. இங்கிட்டுப் பாரு, அங்கிட்டுப் பாரு. எனக்கும் கண் இருந்தது, எனக்கும் தெரிந்தது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. அவள் வந்ததும் சொல்வதற்காக எல்லாவற்றையும் மனசுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டேன். நாரையைச் சொல்ல வேண்டும், ஹெட்மாஸ்டரின் வேட்டியைச் சொல்ல வேண்டும். வேட்டியை முதலில் சொன்னால் சிரிப்பாள் என்று தோன்றியது. அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத ஒருத்தியோடு பேசிக்கொண்டே போனேன்.

மூன்றாம் நாள் மீமிசல் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கரையில் மாட்டை அவிழ்த்துவிட்ட கூண்டு வண்டி ஒன்று நின்றது. வண்டி நிழலில் மாமா. தண்ணீரின் ஓரத்தில் அவள், கையில் ஒரு துணி மூட்டையோடு.

அந்த மூட்டையைப் பார்த்ததும் எனக்கு மீதியிருந்த சந்தேகமும் போய்விட்டது. மாற்றுச் சேலை எடுத்துக்கொண்டல்லவா வந்திருக்கிறாள். ஹெட்மாஸ்டரின் சம்சாரம் என் துணிப்பையை எடுத்து ஓரமாக வைத்து, பாயைத் தட்டி நேராக்கியது எனக்குத் தெரிந்தது. நங்கூரம் போடும்வரை பொறுக்காமல் நான் தண்ணீரில் குதித்தேன்.

“வந்துட்டியா” என்றேன், மூச்சிரைக்க.

அவள் சிரிக்கவில்லை. “அப்பா சந்தையில ஒங்க டிராயிங் வாத்தியாரப் பாத்தாராம். நானும் வாரதாச் சொல்லிக்கிட்டு இருக்கீங்களாமே.”

“நீதானே சொன்ன. கோயில்ல வச்சு, சரி வாரேன்னு.”

“அது பஸ்ஸு ஏறுறப்பச் சொன்னதுங்க” என்றாள். “போறேன்னா சொல்லுவாக?”

வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் போகிறேன் என்று சொல்லாமல் வருகிறேன் என்று சொல்வது மங்கல வழக்கு என்று வருஷந்தோறும் பிள்ளைகளுக்கு நடத்துகிறவன் நான். உதாரணம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

“யாருகிட்டயாச்சும் சொல்லிவிட்டிருக்கலாமே” என்றேன்.

“ஆளுகிட்டச் சொல்லிவிடுற சேதியாங்க இது?” அவள் குரலில் கோபம் இல்லை. “மாசமா இருக்கையில, நீங்க பள்ளிக்கூடம் போனதும் அந்த ரூம்புல ஒத்தையில உக்காந்து அதுகிட்டதான் பேசிக்கிட்டு இருப்பேன். பேசுனது பூராவும் அங்கனயேதான் கெடக்கும். அங்கிட்டு நான் வரமாட்டேங்க.”

“வேற வீடு பாக்குறேன்.”

“எந்த வீடா இருந்தாலுந்தான். ஒங்க மொகத்தப் பாத்தாலே அது மொகந்தான் வருது.” “என்னைய எதிர்பாத்துக்கிட்டு இருக்காதீங்க. அத நான்தான் சொல்லணும்னு வந்தேன்.”

மூட்டையை என் கையில் கொடுத்தாள். “புளிச்சோறு” என்றாள். மாமா என்னைப் பார்த்துக் கும்பிடுவதைப் போலக் கையை எடுத்து, பாதியிலேயே விட்டுவிட்டு மாட்டைப் பூட்டப் போனார். இந்த முறை அவள் வருகிறேன் என்று சொல்லாமலே வண்டியில் ஏறிக்கொண்டாள். வண்டி சவுக்குத் தோப்புக்குள் மறைந்த பிறகும் நான் ஈர வேட்டியோடு அங்கேயே நின்றேன். தோணியில் இருந்து யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

திரும்பி வந்து ஏறினேன். அறந்தாங்கி ஸ்டாஃப் ரூமின் அதே மரியாதை தோணிக்கும் வந்துவிட்டது. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அவளுக்கென்று சேர்த்து வைத்திருந்த நாரையும் வேட்டியும் அப்படியே உள்ளே கிடந்து கனத்தன.

உச்சி வேளைக்கு எல்லோரும் சாப்பாட்டை எடுத்தார்கள். எங்கள் தோணியில் யார் மூட்டையை அவிழ்த்தாலும் எல்லோர் இலைக்கும் ஒரு கைச்சோறு போக வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே வழக்கமாகியிருந்தது. மூன்று நாளாக நான் மற்றவர்கள் கையால்தான் தின்றிருந்தேன். என் முறை வந்திருந்தது.

மூட்டையை அவிழ்த்தேன். வாட்டிய வாழை இலையில், ஓர் ஆள் சாப்பிடுகிற அளவுக்குச் சோறு. ஓரத்தில் கருக வறுத்த வடகம். புளி தூக்கலாக இருந்தது. எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, அழுதபடியே அதைத் தின்றேன். தொண்டி வருவதற்குள் இலையை வழித்து முடித்துவிட்டேன். யாருக்கும் ஒரு பருக்கைகூடக் கொடுக்கவில்லை.