ரப்பர் சுத்தியல் பெட்டி

எங்கள் ஸ்டோர் ரூமில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. ரப்பர் சுத்தியல்கள், நூல்கண்டு, ரசமட்டம் எல்லாம் அதில் கிடக்கும். வாசலுக்குப் பேவர் கல் பதிக்கிற வேலைக்கு அவ்வளவுதான் கைச்சாமான். என் தாய்மாமா குளத்தூர்ப் பக்கம் அந்த வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்தார். ஆபீஸைப் பார்த்துக்கொண்டது நான். வேலைக்குக் குறைவே இல்லை, ஆளுக்குத்தான் பஞ்சம். பழகிய கைகள் ஒவ்வொன்றாகச் சிங்கப்பூருக்கும் குவைத்துக்கும் போய்க்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, தீபாவளிக்கு இரட்டைத் துணி என்று மாமா என்னென்னவோ செய்து பார்த்தார். "நம்ம ஊரு வாசல்ல கல்லுப் போட ஆளில்ல, அரபிக்காரன் வாசலுக்குப் போட ஓடுறாய்ங்க" என்று புலம்புவார்.

அவரும் ஓடியவர்தான். குவைத்தில் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டதால், என் தாத்தாவுக்குக் கொள்ளி வைக்க வர முடியாமல் போனவர். அதைச் சொல்லும்போதெல்லாம் அந்த முதலாளியைத் திட்டித் தீர்ப்பார். கேட்கிற நானும்தான்.

மிஞ்சியவர்களில் கெட்டிக்காரர் ஆவுடையார்கோவில் பக்கத்து அண்ணன் ஒருவர். அவர் பதித்த தரையில் மழைத் தண்ணீர் தேங்காது. ஒரு கல்யாண மண்டப வாசல் பாதி முடிந்திருந்தபோது அவருக்கு விசா வந்தது, வெள்ளிக்கிழமை விமானம். வீடு ஒழுகுகிறதென்று, மற்ற ஆட்களைப் போலவே அவரும் பாஸ்போர்ட்டை மாமாவிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். கேட்டதும் மாமா பீரோவையே தலைகீழாக்கித் தேடினார். "காணாமப் போச்சேப்பா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். தம் பைக்கிலேயே அவரை ஏற்றிப்போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் புகாரும் கொடுக்க வைத்தார். அண்ணனின் மனைவி ஆபீஸ் படியில் உட்கார்ந்து, "இந்தத் தடவ போனாத்தான் கூரைய மாத்தலாம்னு இருந்தோம் தங்கச்சி" என்று அழுதார்.

மறுநாள் மண்டபத்தில் சுத்தியல் பிளந்துவிட்டது, வேறொன்று வேண்டுமென்று போன் வந்தது. பெட்டியைக் கிளறினேன். எல்லாவற்றுக்கும் அடியில், சிமென்ட் சாக்குத் துண்டில் சுற்றி, அந்தப் பாஸ்போர்ட் இருந்தது. குவைத் முதலாளியை இத்தனை வருஷம் திட்டித் தீர்த்த மனிதரா இதைச் செய்தார்? கூடவே போய்ப் புகார் கொடுக்க எப்படி மனசு வந்தது?

ஸ்கூட்டியில் நேரே மண்டபத்துக்குப் போனேன். எல்லார் முன்னாலும் சுத்தியலையும் பாஸ்போர்ட்டையும் அண்ணனிடம் நீட்டினேன். அங்கே வேலையைப் பார்த்துக்கொண்டு நின்ற மாமா என்னைத் திட்டவில்லை. "இவனும் போயிட்டா யாரு கல்லுப் போடுவா ஆத்தா?" என்றார். நிஜமாகவே பதில் எதிர்பார்த்துக் கேட்டார். அந்த அதிர்ச்சிதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அண்ணன் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை விமானம் ஏறிவிட்டார். ஆனால் பாஸ்போர்ட் கிடைத்த அன்று சாயங்காலமே மற்றவர்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். "எங்க பாஸ்போர்ட்டையும் குடுத்துருங்கண்ணே." வெளிநாட்டு நினைப்பே இல்லாதவர்கள்கூட வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் வேலைக்கு ஒருவரும் வரவில்லை.

இப்போது மாமா மூட்டு வலியோடு மண்டியிட்டுத் தாமே கல் பதிக்கிறார். பார்ப்பவரிடமெல்லாம், "இந்தக் காலத்துல ஆளே கெடைக்கல" என்கிறார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சாமான் எடுத்துக் கொடுக்கப் பச்சைப் பெட்டியைத் திறந்தால், சுத்தியலைத் தொடுமுன் என் கை தானாக அடிவரை போய்த் துழாவிவிட்டு வருகிறது.