மருமகனுக்கு வைத்த ஐஸ்

மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து எனக்கென்று எடுத்துத் தந்தது ஒரு ரப்பர் அச்சு. கறுப்பாக, மெத்தென்று, கையில் பிடித்தால் நெளிந்தது. பணியாரத்துக்கா, கேக்குக்கா என்று நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வரிசைக் குழிகளில் ரோஜாப்பூ, இன்னொன்றில் வைரக்கல், மூன்றாவதில் மனுஷ மண்டையோடு.

“ஐஸ் போடுகதுக்கு மாமி,” என்றார். “சும்மா ஐஸ் இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கணும். உள்ள ஒரு பொட்டு வெள்ளை தெரியப்பிடாது. அங்க பார்ல எல்லாம் இப்பிடித்தான். காக்டெய்ல் கிளாஸ்ல ஒரே ஒரு கட்டி. பாக்கவே ஒரு கெத்தா இருக்கும்.”

சரி என்று தலையாட்டினேன். அந்த லீவில் அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது என்று நான் முன்பே தீர்மானித்து வைத்திருந்தேன். காரணம் என் மகள். கல்யாணம் முடிந்து அவர் துபாய்க்குத் திரும்பியபோது, அடுத்த லீவுக்கு வந்து ஃபேமிலி விசாவில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிப் போனார். அந்த அடுத்த லீவு இதுதான். அதுவரை அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

அவர் வீடு நெய்யூர் பக்கம். சர்ச் சபையில் முன்வரிசையில் உட்காருகிற குடும்பம், எல்லோரும் படித்து உத்தியோகம் பார்க்கிறவர்கள். நாங்கள் கடற்கரையிலிருந்து வந்து புதுக்கடை பக்கத்தில் வீடு வைத்தவர்கள். என் வீட்டுக்காரருக்கு மீன் வியாபாரம். இரண்டு பேரும் காதலித்துக் கட்டியது. அவர்கள் வீட்டில் யாரும் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இவள் ஒரு கறி வைத்து மேசைக்குக் கொண்டு வந்தால் மாமியார் முதலில் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாளாம். இவள் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் மூக்கு ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்புமாம். ஒரு மாதம் பார்த்துவிட்டு என்னிடம் வந்துவிட்டாள். துபாய்க்குப் போய்விட்டால் அவளை மோந்து பார்க்க ஆளில்லை. நான் இரவும் பகலும் நினைத்தது இது ஒன்றைத்தான்.

மாப்பிள்ளையின் அப்பா இருக்கிற வீட்டில் மதுக் குப்பி ஏறாது. ஆகவே லீவுக்கு வந்தால் கூட்டுக்காரர்களோடு உட்காருவதற்கு எங்கள் மொட்டை மாடிதான். ஷீட் போட்டு, மின்விசிறி மாட்டி, நான்கு நாற்காலியும் வாங்கிப் போட்டிருந்தோம். கீழே முன்னறையில் மாதா படம் இருக்கிறது. மேலே இவர்கள் ஜின்னைக் கலக்கும்போது எனக்கு அந்தப் படத்தின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும். அடுத்த வீட்டில் மணம் பிடித்துவிடுமோ, பங்குச் சாமியார் காதுக்குப் போய்விடுமோ, குடித்துவிட்டு வண்டி ஓட்டி எங்காவது விழுந்தால் பழி நம் தலையில் வருமோ. எனக்கு எதற்கும் பயம். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். படித்தவர்கள் முன்னால் எதைச் செய்தாலும் தப்பாகத்தான் முடியும் என்று தோன்றும்.

அச்சைக் கழுவும்போது பார்த்தேன். ஒவ்வொரு குழிக்கும் அடியில் ஒரு ஓட்டை. இவ்வளவு தூரத்திலிருந்து வாங்கிவந்த சாதனம், பொத்தல். சொன்னால் மாப்பிள்ளை மனசு என்ன பாடுபடும்? யாரிடமும் மூச்சு விடாமல் மைதா மாவைப் பிசைந்து உருட்டி ஓட்டைகளை அடைத்து, குழாய் வெள்ளம் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் எடுத்தால் ரோஜாப்பூ முழுக்கப் பால் போல வெள்ளை, அடியில் மாவு ஒட்டிக்கொண்டு.

மகள் பார்த்துவிட்டுச் சிரியோ சிரியென்று சிரித்தாள். “அம்மா, அந்த ஓட்டை வேணும்னே வச்சிருக்காவ!” என்று போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டினாள். பேசினது இங்கிலீஷில். அவள் ஒவ்வொன்றாகத் தமிழாக்கிச் சொன்னாள். சாதாரணமாக ஃப்ரீசரில் எல்லாப் பக்கமும் ஒரே சமயம் குளிர் ஏறுவதால் வெள்ளத்தில் இருக்கிற காற்றும் கலங்கலும் நடுவில் மாட்டிக்கொள்கிறதாம். அதுதான் வெள்ளை. பக்கமும் அடியும் மூடின தெர்மோகோல் பெட்டியில் வெள்ளம் ஊற்றி, அச்சை அதில் முக்கி வைத்து, மேலே மட்டும் திறந்து விட்டால், மேலிருந்து கீழாகப் பைய உறையும். கலங்கல் எல்லாம் அந்த ஓட்டை வழியாக அடிக்குப் போய்விடும். முழுக்க உறைவதற்கு முன்னால் எடுத்து, அடியில் நிற்கிற வெள்ளைக் கட்டியைத் தட்டிவிட வேண்டும்.

தெர்மோகோல் பெட்டி என்றதும் எனக்கு உயிர் வந்தது. எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம்? மீன் அடுக்குகிற பெட்டி பின்னால் ஒரு ஆள் உயரத்துக்குக் கிடக்கிறது. மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் சட்டென்று, “அது வேண்டாம் மாமி. கடையில புதுசு ஒண்ணு வாங்குங்க. சின்னதா, ஃப்ரீசருக்குள்ள போறது மாதிரி,” என்றார். அளவு சரியாக வரவேண்டுமே என்று யோசித்துச் சொல்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க நான் ஐஸோடுதான் கிடந்தேன். ஃப்ரீசரில் இருந்த நெய்மீன் துண்டையும் இறாலையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் போட்டுத் துடைத்தேன். வெள்ளத்தைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, திரும்பவும் கொதிக்கவைத்து ஊற்றினேன். என் வீட்டுக்காரர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்.

“ஏட்டி, மருமவனுக்கு ஐஸ் வைக்கியாக்கும்?”

“ஆமா, வைக்கேன். எனக்க மவளுக்கு வேண்டி வைக்கேன்.”

“வை வை. மீன்காரன் வீட்டுல இப்ப ஒரு துண்டு மீனு இல்ல, ஐஸ் மட்டும் இருக்கு. ஊர்ல பறஞ்சா சிரிப்பானுவ.”

அதன்பிறகும் இரண்டு தடவை கெட்டுப்போனது. தப்பு என்னுடையதுதான். உறைகிறதா இல்லையா என்ற பதற்றத்தில் நான் போகும்போதும் வரும்போதும் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர் விட்டுவிட்டுப் பிடித்து, கட்டி முழுக்கக் கோடு கோடாக விழுந்தது. கடைசியில் மகள் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு அவளே உட்கார்ந்துகொண்டாள். “இந்தப் பக்கம் வந்தியானா பாத்துக்கோ,” என்றாள். அன்றைக்கு அவளும் சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. துபாயில் வீடு சின்னதாக இருந்தாலும் பால்கனி உண்டு, அதில் கறிவேப்பிலை வைக்கலாம் என்று என்னென்னமோ பேசினாள்.

எடுத்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. உள்ளங்கையில் ஒரு ரோஜாப்பூ, இதழ் இதழாக. கீழே என் கைரேகை தெரிகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. மண்டையோட்டை மட்டும் நான் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வரிசையில் உறைந்ததைத் தொட்டியில் தட்டிவிட்டேன். வாழப்போகிற பிள்ளை இருக்கிற வீட்டில் அது எதற்கு?

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டுக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் மாப்பிள்ளையோடு படித்தவர்கள். நான் நெத்திலி பொரித்துத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். எனக்குப் பின்னால் மகள் எலுமிச்சம்பழம் வெட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். கடைசிப் படிக்கு முன்னால் நான் நின்றுவிட்டேன். ஐஸைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்க ஒரு ஆசை.

“லே மக்கா, இதுல ஐஸ் எங்கலே?” என்றார் கண்ணாடி போட்ட கூட்டுக்காரர்.

“கையை விட்டுப் பாருலே, சவமே,” என்றார் மாப்பிள்ளை.

“எம்மோ! பூவுலே இது! கொள்ளாம். ஆரு செய்தது?”

“மாமிதான்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பி மகளைப் பார்த்தேன். அவளும் சிரித்தாள்.

அதற்குள் அந்த ஆள் கிளாஸை மூக்குப் பக்கம் கொண்டுபோய் இழுத்து மோந்தார். “எல்லாம் சரி. மீன் மணம் ஒண்ணும் அடிக்காதுல்லா?” என்றார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை ஏதாவது சொல்வார் என்று நின்றேன். சொல்லவும் செய்தார்.

“புதுப் பெட்டி மக்கா. பழசு வேண்டாம்னு நான் முதல்லயே பறஞ்சாச்சு. தைரியமாக் குடி.”

நான் கையில் வைத்திருந்ததோ நெத்திலி. அதைக் கேட்டு வாங்கித் தின்கிறவர்கள்தான் அவர்கள். தட்டோடு கீழே இறங்கிவிடலாம் என்று திரும்பினேன். பின்னால் மகள் நிற்கிறாள், வழியில்லை. அந்த ஆள் திரும்பவும் பேசினார்.

“உனக்க யோகம்லே. வீடும் இங்கதான், பாரும் இங்கதான். பெண்ணை நீ அங்க கூட்டிட்டுப் போனா அடுத்த லீவுக்கு நமக்கு இந்தப் பூவெல்லாம் ஆரு போட்டுத் தருவா?”

“கூட்டிட்டுப் போறேன்னு இப்ப ஆருலே தீர்மானிச்சது?” என்றார் மாப்பிள்ளை. குரலில் கோபம் ஒன்றும் கிடையாது, நல்ல சந்தோஷத்தில் இருந்தார். “அங்க ஒரு ரூமுக்குள்ள அவளை அடைச்சுப் போட்டு என்ன செய்ய? நான் டூட்டிக்குப் போனா ராத்திரிதான் வருவேன். இங்கன்னா மாமி இருக்காவ. எனக்கும் லீவுக்கு வந்தா ராஜா மாதிரி இருக்கு. அப்பா முன்னால போய் இப்பிடி இருக்க முடியுமா?”

மகள் என் தோளைத் தள்ளிக்கொண்டு மேலே போனாள். எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்தாள். “இன்னும் ஐஸ் வேணுமா?” என்று கேட்டாள். வேண்டும் என்றார்கள். கீழே வந்து மீதி இருந்த வைரக்கல் கட்டிகளை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஏறினாள். நான் அடுக்களையில் நின்று சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், முன்பே தேய்த்த சட்டி.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போய் வந்தபிறகு மாப்பிள்ளை காப்பி குடித்துக்கொண்டே சொன்னார், “மாமி, அடுத்த லீவுக்கு முன்னால ஐஸுக்குன்னு தனியா ஒரு ஃப்ரீசர் வாங்கிப் போடுவோம். நீங்க இதுல இவ்வளவு கெட்டிக்காரியா இருப்பியன்னு நான் நினைக்கல்ல.”

நான் கேட்டேன். “விசா காரியம் என்னாச்சு மாப்பிள்ளே? இவ ஆளுக்கிட்டயெல்லாம் பறஞ்சு வச்சிருக்கா.”

“பாப்போம் மாமி. அவசரப்பட்டு என்ன செய்ய? இவ இங்க நல்லாத்தானே இருக்கா.”

நல்லாத்தான் இருக்கிறாள். இங்கே கஷ்டப்படுகிறாள் என்று சொன்னால் என் வீட்டுக்கு நானே குறை சொன்னதாக ஆகும். சும்மா இருந்தால் அவர் சொன்னது சரி என்றாகும். இட்லி இன்னும் இரண்டு வைக்கட்டுமா என்று கேட்டேன்.

லீவு முடிந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் அவரை விட்டுவிட்டுத் திரும்பினோம். என் வீட்டுக்காரர் முன் சீட்டில் டிரைவரோடு இருந்தார். களியக்காவிளை தாண்டியதும் மகள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

“ஏம்மா, உனக்கு அந்த ஐஸைக் கொஞ்சம் மோசமாச் செய்யத் தெரியாதா?”

நான் திருப்பிக் கேட்டேன். “நீதான மக்களே வீடியோ எடுத்துத் தந்தே? நாற்காலி போட்டுக் காவல் இருந்தது நீதான?”

“ஆமா,” என்றாள். “நானுந்தான்.”

முன்னாலிருந்து என் வீட்டுக்காரர் ஏதாவது கேலி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். டிரைவரிடம், ஏசி வேண்டாம், கண்ணாடியைத் திறந்துவிடு என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு ஊரில் என்னைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரே கேள்விதான், மகள் எப்போது துபாய்க்குப் போகிறாள் என்று. நான் ஒவ்வொருவருக்கும் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன். பேப்பரில் ஒரு எழுத்து மாறிப்போச்சு, அங்கே ஆபீஸில் ஆள் மாறிட்டாங்க, பெரிய நோன்பு கழிந்து ஈஸ்டர் வரட்டும். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்று சொன்னேன் அல்லவா, பொய் சொல்வதற்கு மட்டும் எப்படியோ பயம் வரவில்லை.

போன வாரம் புதுக்கடைச் சந்தையில் எங்கள் கோயிலுக்கு வருகிற ஒரு அக்கா பிடித்துக்கொண்டாள். மகளும் பக்கத்தில் நின்றாள்.

“மவளுக்கு விசா வந்தாச்சா? எப்பப் போறா?”

“பேப்பரெல்லாம் குடுத்தாச்சுக்கா. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு.”

“ஒரு பேப்பரும் குடுக்கல்ல மாமி,” என்றாள் மகள். சத்தம் கூட்டாமல், விலை சொல்வது போலச் சொன்னாள். “அவிய விசாவுக்குக் கேக்கவே இல்ல. நான் போகல்ல.”

அந்த அக்கா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பஸ் வந்துடும் என்று போய்விட்டாள். அவள் பஸ் ஏறுவதற்குள் இது எத்தனை வீட்டுக்குப் போகும் என்று நான் கணக்குப் பார்த்தேன்.

“சந்தையில நிண்ணு பறயுக காரியமாட்டி இது?” என்றேன்.

“பின்ன எங்க நிண்ணு பறய?” என்றாள். மரச்சீனிக் கிழங்குக் குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒன்றை ஒடித்துப் பார்த்து, வேகுமா என்று கடைக்காரியிடம் கேட்டாள்.