தண்ணீர் வடிந்துவிட்டது

இன்று மத்தியானம் ஒரு மணி நேர இடிமழைதான். டத்தோ கிராமாட் தெருவில் எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு சாக்கடைத் தண்ணீர்.

நகராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே மனு வாங்கி எழுதும் கிராணி பழக்கமானவர்.

"லோங்காங் அடைச்சுக்கிச்சு அண்ணே, சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துருச்சு. ஆள் அனுப்புங்க."

"யாரு இருக்கா தம்பி? லோங்காங் அள்ளுறவங்க எல்லாரையும் ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்கு ஏத்திட்டான். போனவன் ஒருத்தனும் திரும்பல. இந்தத் தாள எழுதிக் குடு."

வீட்டில் வேலை செய்யக்கூடிய ஆண்கள் எத்தனை பேர், என்ன வயது என்பதுதான் முதல் கேள்வி. எனக்கு இரண்டு தம்பிகள்.

"தண்ணி தானா வடிஞ்சிருச்சு அண்ணே" என்று தாளை எழுதாமலே திருப்பிக் கொடுத்தேன்.

அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இன்னிக்கு எல்லாரு வீட்டுலயும் வடிஞ்சிருச்சு லா."

இதை எழுதும்போதும் என் கால்கள் தண்ணீரில்தான் இருக்கின்றன. உங்கள் தெருவில் எப்படி? வடிந்துவிட்டதுதானே?