சிவகாசியில் ஓடக் கூடாது

அச்சு மெஷின் பழுது பார்க்கப் போகிறவனுக்கு எல்லா ஊரும் ஒரே ஊர்தான்: பஸ் ஸ்டாண்டு, லாட்ஜ் கட்டில், மை வாடை.

வெளியூர் வேலையில் நொந்து நூலாகிப் போன அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? ஊருக்குப் போய் வந்தேன் என்போம், ஊரைப் பார்த்திருக்கவே மாட்டோம். அந்த எரிச்சலில்தான் நான் ஓட ஆரம்பித்தேன். எந்த ஊரில் படுத்தாலும் விடிகிற நேரத்தில் ஷூவை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று ஓடிவிடுவது. ஓடிப் பார்த்த ஊர் மறக்காது. நான் கோயம்புத்தூர்க்காரன். காலண்டர் சீசன் வந்தால் கம்பெனி என்னை விருதுநகர், சிவகாசிப் பக்கம் அனுப்பிவிடும். அந்தச் சில வருடங்களை நினைத்தால் இப்போதும் கால் துறுதுறுக்கிறது.

விருதுநகரில் ஒரு வள்ளல்

முதல் நாள் விருதுநகர் பஜாரில் ஓடினேன். மிளகாய் வத்தல் மண்டிகளைத் தாண்டுவதற்குள் தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னாலேயே மொபெட்டில் ஒரு அண்ணாச்சி வந்தார். "எதுக்கு இப்படி விழுந்தடிச்சு ஓடுறீக? ஏறுங்க" என்றார். உடம்புக்காக ஓடுகிறேன் என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அழுத கண்ணும் வியர்த்த முகமுமாக நின்றவன் சொன்னதை அவர் நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்து ஏற்றிக்கொண்டார்.

லாட்ஜுக்கு நேர் எதிர்த் திசையில் போய், பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். நான் திருதிருவென்று முழித்ததைப் பார்த்து, தோளில் தட்டிச் சொன்னார்: "பஸ்ஸு போயிருந்தாலும் கவலைப்படாதீக. மதுரைக்கு அடுத்தடுத்து வண்டி இருக்கு, அழுகாமப் போயிட்டு வாங்க."

எழுந்து நின்ற பெஞ்சு

அந்தத் தெம்பில் மறுநாள் சிவகாசி. வெம்பக்கோட்டை ரோட்டில் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்விட்டு, நல்ல வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். ஊர் தொடங்குகிற இடத்தில் செல்லக்கனி அக்காவின் டீக்கடை. பட்டாசுக் கம்பெனி வேனுக்காகப் பெண்கள் தூக்குவாளியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்தப் பெஞ்சு முழுக்க எழுந்து நின்றது. ஒரு டீ கிளாஸ் விழுந்து உடைந்தது. ஒரு அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டாள்.

அக்கா பொங்குகிற பாலை விட்டுவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்தார். மடையன் நான், பல்லைக் காட்டிக்கொண்டு "வணக்கமுங்க" என்றேன். நல்லவேளை, நான் வந்த திசையிலிருந்தே ஒரு வேன் வந்தது. "அங்கன ஒண்ணுமில்ல தாயி, எல்லாம் நல்லாருக்கு" என்று டிரைவர் சொன்ன பிறகுதான் எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

அப்புறம் கிடைத்தது எனக்குப் பாட்டு. அக்காவின் கணவர் முத்துராசு அந்த ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். வெயில் ஏறுமுன் கலவையை முடிக்க வேண்டும் என்று இருட்டோடு போய்விடுவார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. அது கடை அலமாரியில் டீத்தூள் டப்பா பக்கத்தில் கிடந்தது. அவர் திரும்பி வருகிறவரைக்கும் அக்காவுக்கு உயிர் உயிராக இருக்காது. "இங்கன யாரும் சும்மா ஓட மாட்டாக தம்பி. எங்கனயாச்சும் வெடிச்சாத்தான் ஓடுவாக. உங்களுக்கு உடம்பு இளைக்கணும்னா இந்தக் கடையைத் தாண்டுற மட்டும் நடந்து போங்க, புண்ணியமாப் போகும்."

முத்துராசு அண்ணனின் கால்

அன்று முதல் அதுதான் சட்டம். கடையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு மறைகிற பெட்ரோல் பங்க் வளைவு வரை நடை, அதற்கப்புறம் ஓட்டம், திரும்பும்போது வளைவிலிருந்து மறுபடி நடை. கோயம்புத்தூரில் சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துராசு அண்ணனே கடையில் இருந்தார். "வாங்க, ஒரு நாளு நானும் ஓடிப் பாக்கேன்" என்று கூட வந்தார். அவர் வேலை செய்யும் இடத்தில் செருப்பு கிடையாது, அவசரம் கிடையாது, உரசினால் தீப்பிடிக்கும் என்று ஒரு சாமானைக்கூடத் தரையில் இழுக்கக் கூடாது. வளைவு தாண்டியதும் நான் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் மனிதர் பூனை மாதிரி அடி வைத்து வந்துகொண்டிருக்கிறார். எவ்வளவு சொல்லியும் கால் வேகம் எடுக்கவில்லை. இந்த வேலையை விட்டுவிட்டுக் கடையில் உட்காருங்கள் என்று அக்கா தினமும் சண்டை போடுகிறாராமே என்று கேட்டேன். மகள் மதுரையில் நர்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். "மக படிப்பு முடியட்டும் தம்பி. அதுக்கப்புறம் அவ கடையில கிளாஸ் கழுவுறதுதான் என் வேலை" என்றார்.

ஆலங்குளத்தில் வெள்ளை மனிதன்

பிரஸ் முதலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு, சிமெண்டு ஆலை இருக்கிற ஆலங்குளம் போனேன். புது ஊர், விடுவேனா? தெரியாத்தனமாகச் சுண்ணாம்புக்கல் லாரி போகிற மண் ரோட்டில் இறங்கி ஓடிவிட்டேன். ஏற்கெனவே வேர்வை, அதன் மேல் வெள்ளைப் புழுதி. மாப்பிள்ளையைவிட நான்தான் பளிச்சென்று இருந்தேன். மண்டபத்து வாசலில் குழாயைத் திறக்கப் போனேன். அங்கே பல் துலக்கிக்கொண்டிருந்த சிமெண்டு லாரி டிரைவர் பதறிப்போய்த் தடுத்தார்: "தண்ணி ஊத்தீறாதீக சார், இறுகிப் போகும். மொதல்ல தட்டி விடுங்க."

நடந்து வந்த காலை

சீசன் முடிகிற சமயம். வளைவைத் தாண்டி வெகுதூரம் ஓடியிருந்தேன். திடீரென்று சத்தம். காலுக்குக் கீழே ரோடு அதிர்ந்தது. வயல்களுக்கு அப்பால் வெள்ளைப் புகை. அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் இருந்தெல்லாம் ஆட்கள் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். என் நெஞ்சில் ஒரே ஒரு முகம்தான். அந்தக் கூட்டத்தில் முத்துராசு அண்ணனைத் தேடினேன், சாமி, அப்படி யாரையும் நான் தேடியதில்லை. அலுமினியப் பொடி அப்பிய உடம்பும் வெறுங்காலுமாக, தன் கம்பெனி கேட்டில் நின்றிருந்தார். வெடித்தது பக்கத்து யூனிட்டில் ஒரு ஷெட். ஆட்கள் இன்னும் அதற்குள் போயிருக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் இல்லை. "ஃபோர்மேன் ஆள் எண்ணுறாரு, நான் நகர முடியாது. கடைக்குப் போயி நான் நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லிருங்க" என்றார்.

ஓடினேன். பெட்ரோல் பங்க் வளைவு வந்ததும் கால் தானாக நின்றது. அந்தப் பக்கம் அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் ஓடி வந்தால் என்னவென்று நினைப்பார்? கத்திச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வேனும் ஆம்புலன்சும் அலறுகிற ரோட்டில் யார் காதில் விழும்? மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தேன். அந்தக் கொஞ்ச தூரத்தைப் போல நீளமான தூரத்தை நான் எந்த ஊரிலும் ஓடியதில்லை.

அக்கா ரோட்டு நடுவில் நின்றிருந்தார். நான் நடந்து வருவதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கிட்டே போய் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்தித் தடுத்தார்: "நடந்து வந்தீகள்ல தம்பி, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

போன சீசன்

அப்புறம் கம்பெனி என்னை வேறு பக்கம் மாற்றிவிட்டது. போன சீசனில்தான் மறுபடி சிவகாசி. என் முழங்கால் இப்போது கொஞ்சம் முனகுகிறது. விடியற்காலை கடைக்குப் போனேன். முத்துராசு அண்ணன் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்! மகளுக்கு மதுரையில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்துவிட்டதாம். அவருடைய ஈரக் கையை அப்படியே பிடித்துக்கொண்டேன். அவரோ, "என்ன தம்பி, தொப்பை போட்டுட்டீக?" என்கிறார்.

டீ குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் வளைவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டார்: "தம்பி, அவுக இங்கனதான் இருக்காக. இனிமே நீங்க தாராளமா ஓடுங்க!" சிரித்துக்கொண்டே சொன்னவர், தூக்குவாளியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வேணாம் தம்பி, நடந்தே போங்க. இவுக வீட்டு ஆளுக இன்னும் உள்ளதான் இருக்காக."

எத்தனையோ ஊர்களை ஓடி ஓடிப் பார்த்தவனுக்கு, நடந்து பார்த்த அந்தக் கொஞ்சூண்டு ரோடுதான் மனசில் நிற்கிறது என்றால், இத்தனை ஜோடி ஷூ எதற்கு வாங்கினாய் என்று வீட்டில் கேட்கிறார்கள்.