மூலைத் தட்டு வாடவில்லை

தண்ணீர்க்காரம்மா என்றுதான் அவளுக்குப் பெயர். செடி ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாகத் தண்ணீர் ஊற்றுகிறாள். யார் என்ன சொன்னாலும் சரி, அவள் கை மாதிரி ஒரு கை கிடையாது; சொட்டுக் கூடாது, சொட்டுக் குறையாது. அப்படிப்பட்டவளிடம் போய், செடி வறட்சி தாங்குகிறதா என்று பார்க்க ஒன்பது நாள் ஊற்றாதே என்றார்கள். தினம் காலையில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் தொட்டிகளை எடை போட்டு நோட்டில் எழுதினால் போதுமாம். செடி வாடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனாலும் சொன்ன சொல் தவறவில்லை அவள்.

ஒன்பதாம் நாள் எல்லாத் தட்டுச் செடிகளும் துவண்டு கிடக்க, மூலைத் தட்டு மட்டும் ஜம்மென்று நின்றது. அதன் தொட்டிகள் மற்றவற்றைவிடக் கனமாகவும் இருந்தன.

சோதனையை நடத்துகிற ஆய்வாளர் முகம் சுருங்கியது. "பாவம் பாத்து ஊத்திட்டீங்களாக்கா? இப்படின்னா உங்களை எப்படி நம்பி வேலைக்கு வச்சுக்கிறது?"

"நான் ஊத்தலை மேடம்."

"அப்ப தராசு பொய் சொல்லுதா?"

"அது ஏன் பொய் சொல்லப் போகுது? நோட்டைப் பாருங்க. ஊத்தியிருந்தா ஒரு நாளாவது எடை ஏறியிருக்கணுமே! மெள்ள மெள்ள இறங்கத்தானே செஞ்சிருக்கு?"

பார்த்தார். ஒரு நாளும் ஏறவில்லை. "சரி, இது மட்டும் ஏன் மெள்ள இறங்குச்சு?"

அந்தத் தட்டுக்கு முன்னால் நடந்தது ஒன்று அவளுக்குத் தெரியும். இந்தச் சோதனைக்கு முன்பு மகள் பிரசவத்துக்கு லீவு போட்டபோது, அதே கூடத்தில் பெருக்குகிற நாத்தனாரிடம் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனாள். நாத்தனார் மூலைத் தட்டை மறந்துவிட்டாள். திரும்பி வந்து, தொங்கிக் கிடந்த செடிகளைத் தேற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டாள் தண்ணீர்க்காரம்மா. சொன்னால் நாத்தனார் வேலை போகும். சொல்லாவிட்டால் தன் வேலை.

"முன்னாடியே ஒரு தடவை வாடினது மேடம் அது. எழுதாம மறைச்சது நான். தப்பு என்னோடது."

ஆய்வாளர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். செடிக்குள் மேஸ்திரி மாதிரி சில புரதங்கள் இருக்கின்றனவாம். வறட்சி வந்தால் எந்த மரபணு வேலைக்கு வர வேண்டும் என்று ஏவுவது அவைதானாம். இலைத்துளையை மூடு, இருக்கிற ஈரத்தைக் காப்பாற்று என்பதெல்லாம் அந்த ஏவலில் நடப்பதுதான். ஒரு தடவை வறட்சியில் அடிபட்ட செடியில் மேஸ்திரி அடுத்த தடவை சீக்கிரம் விழித்துக்கொள்ளலாம் என்றார்.

"ஒரு தடவை வாட விட்டுத் தேத்தி, இதை வேணும்னே செஞ்சு பாக்கணும். நீங்கதான் செய்யணும்க்கா."

விஷயம் தெரிந்ததும் நாத்தனார் துடைப்பத்தோடு வந்து நின்றாள். "பாத்தீங்களா அண்ணி, நான் மறந்ததாலதான் எல்லாம்!"

"ஆமாடி மகராசி. அடுத்த தடவை சொல்லிட்டு மற."