அத்தானின் எக்ஸாக்ட்லி

என் அக்கா மரியமலரின் கணவர் கிறிஸ்தோபர் அத்தானுக்கு வாயைத் திறந்தால் ‘எக்ஸாக்ட்லி’தான். திமிங்கிலம் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களை நிலாவெளியிலிருந்து படகில் கூட்டிப்போன காலத்தில் ஒட்டிக்கொண்ட சொல். அவர்கள் போய்விட்டார்கள், சொல் போகவில்லை. “எக்ஸாக்ட்லி அஞ்சு நிமிசத்தில வாறன்” என்று போனால் பொழுதுபடத்தான் வருவார். “எக்ஸாக்ட்லி மூண்டு கிலோ” என்று தூக்கிக் காட்டும் பாரை மீன் தராசில் இரண்டைத் தாண்டாது.

ஒருநாள் மகள் சுலக்ஷனாவுக்குப் பொறுக்கவில்லை.

“அப்பா, கூடாமல் குறையாமல் இருந்தால்தான் அந்தச் சொல்லைச் சொல்லலாம்.”

“எக்ஸாக்ட்லி!” என்றார் அத்தான். ஆமாம் போடுவதற்கும் அதே சொல்தான் என்பதால் பிள்ளையால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை.

போன ஆனி மாதம் ஒருநாள் காலை அத்தான் தனியாகக் கடலுக்குப் போனார். “எக்ஸாக்ட்லி சல்லிக்கு நேர வலை போடுறன்” என்று கரையில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் போனார். பத்து மணியளவில் என் போன் அடித்தது.

“டிலான், எஞ்சின் நிண்டு போச்சு. தண்ணியும் உள்ள வருது. இறக்கக்கண்டிக்கு நேர நிக்கிறன் போலக் கிடக்கு... வடிவாத் தெரியேல்லடா.”

அத்தோடு போன் செத்துவிட்டது. கச்சான் காற்றோ படகுகளை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. கரையில் நின்றது ஒரேயொரு படகு. சல்லிக் கிராமம் எங்களுக்குத் தெற்கே, இறக்கக்கண்டி வடக்கே. பிழையான பக்கம் போனால் திரும்பி வந்து தேடுவதற்குள் அவருடைய படகு மூழ்கிவிடும்.

“காலமை சல்லி எண்டு அடிச்சுச் சொன்னவர். போனில சந்தேகமாத்தானே சொன்னவர்? சல்லிக்கே விடுவம்” என்றார் படகுக்காரர் குணரத்தினம்.

செய்தி கேட்டுக் கரைக்கு ஓடி வந்திருந்த அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“போனில எக்ஸாக்ட்லி எண்டு சொன்னவரோ?”

“இல்லையக்கா.”

“அப்ப அதுதான் உண்மை. மீன் படுகிற இடத்தை மறைக்கத்தான் காலமை சல்லி எண்டவர். இறக்கக்கண்டிக்குப் போங்கோ!”

குணரத்தினத்துக்கும் அது உறைத்தது. மீன் படும் இடத்தை எந்தக் கடல்காரன் உள்ளபடி சொல்லியிருக்கிறான், அவர் உட்பட?

இறக்கக்கண்டிக்கு நேரே, படகில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார் அத்தான். எங்களைக் கண்டதும் வாளியைக் கடலில் போட்டுவிட்டார்.

கரைக்கு வந்ததும் சனம் சூழ்ந்துகொண்டது. எவ்வளவு தண்ணீர், எத்தனை மைல் என்று ஆளுக்கொரு கேள்வி. பெரிய கதை ஒன்று வரப்போகிறதென்று நானும் காத்திருந்தேன். அத்தான் சனத்தை விலக்கிக்கொண்டு நேரே அக்காவிடம் போனார்.

“நல்லாப் பயந்திட்டன், மலர்” என்றார்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அக்கா, அதைக் கேட்டபிறகுதான் அழுதாள்.