வாளியில் மிதந்த நூல்

மூக்கு வழியாகத்தான் அந்த யோசனை வந்தது. குளச்சலில் எங்கள் தெருப் பெண்கள் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து விற்கும் கொட்டகையில், ஸ்டெல்லா அக்கா கிழிந்த வலையின் நூலொன்றைத் தீக்குச்சியில் பொசுக்கி மோந்து பார்த்தாள். நைலான்தானா என்று சோதனை. உப்பில் வெளுத்தபின் எல்லா நூலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். போன லோடில் வேறு நூல் கலந்துவிட்டதால் மார்த்தாண்டத்து வியாபாரி திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு முறை கலந்தால் எடுக்கவே மாட்டாராம். எட்டு வீடுகள் இந்த வேலையை நம்பியிருக்கின்றன.

"இப்பிடி ஒவ்வொண்ணா மோந்தா கிறிஸ்மஸ் வந்திரும் மக்கா," என்றாள் அக்கா.

எனக்கோ அந்தக் கருகல் வாசத்தில் எங்கள் பழைய முற்றம் தெரிந்தது. வலை பின்னும் அப்பா, நூல் நுனிகளை மெழுகுதிரியில் சுட்டு விரலால் உருட்டுவார். விழுந்த துண்டுகளை நானும் தங்கச்சியும் வாளித் தண்ணீரில் போட்டுப் பந்தயம் கட்டுவோம். சில மூழ்கும், சில மிதக்கும். ஏன் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. அதற்குள் அம்மா வந்துவிடுவாள்.

"ஏட்டி, குடிக்கிற வெள்ளத்திலயா குப்பையப் போடுதிய?"

இப்போதுதான் புரிந்தது: மூழ்கியது நைலான், மிதந்தது தண்ணீரைவிட லேசான வேறு நூல்!

"யக்கா, மோந்து பாக்காண்டாம். வெள்ளத்துல போட்டாப் போதும்!"

"வலையக் குளிப்பாட்டப் போறியா?" என்று அக்கா சிரித்தாள். ஆனால் மீன் கழுவும் தொட்டியை அவளே உருட்டிக்கொண்டு வந்தாள்.

நாளைக் காலை தொட்டியை நிரப்புகிறோம். முழு வலையில் காற்றுக் குமிழ் ஒட்டி நைலானும் மிதந்துவிடுமோ? துண்டாக வெட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும்.